பிள்ளைகளோடு கச்சேரிக்குப் போவோர் பிரகடனம்

தக்கலையில் கூடிய நாங்கள் அறிவிப்பது இது: கைக்குழந்தையானாலும் பள்ளிக்கூடம் போகிற பிள்ளையானாலும், கச்சேரிக்கு வருவது அதன் உரிமை. ‘வளரட்டும், பார்க்கலாம்’ என்ற பேச்சை இனி ஏற்கமாட்டோம். இயக்கத்துக்குப் பெயர் இன்னும் வைக்கவில்லை. அதற்கு இன்னொரு கூட்டம் போட்டுச் சண்டை பிடித்துக்கொள்ளலாம்.

நாங்கள் புதிதாக எதையும் கேட்கவில்லை. இதே தக்கலையில் பீர்முகம்மது அப்பா தர்காவில் ஆண்டு விழா இரவில் அவருடைய ஞானப்புகழ்ச்சி விடியவிடியப் பாடப்படுகிறது. மாடன் கோயில் கொடையில் வில்லுப்பாட்டு நடுச்சாமம் தாண்டும். அங்கெல்லாம் பிள்ளைகள் பாதி கேட்டு, பாதி தூங்கி, வில்லுப்பாட்டுக் குடத்தில் அடி விழும்போது திடுக்கிட்டு விழித்து, மறுபடி மடியில் சாய்கிறார்கள். யாரும் முறைப்பதில்லை. அதே பிள்ளை கர்நாடக இசை அரங்கில் ஒருமுறை சிணுங்கினால் நாலு வரிசை திரும்பிப் பார்க்கிறது.

அடக்கமும் இந்த மண்ணுக்குத் தெரியும். ஆண்டுதோறும் பத்மநாபபுரத்துச் சரஸ்வதி, குமாரகோயில் முருகனோடும் சுசீந்திரம் முன்னுதித்த நங்கையோடும் திருவனந்தபுரம் புறப்படுகிறாள். அங்கே நவராத்திரி மண்டபத்தில் சுவாதித் திருநாளின் கிருதிகளைப் பாடுகிறார்கள். கைதட்டல் கிடையாது, ஏனென்றால் அது வழிபாடு. அந்த அமைதியைக் கலைக்க நாங்கள் வரவில்லை. டிக்கெட் போடும் அரங்குகள் வழிபாட்டை விட்டுவிட்டு அமைதியை மட்டும் எடுத்துக்கொண்டன, அதுதான் எங்கள் வழக்கு. (அந்த அரங்குகளில் செல்போன் மட்டும் தாராளமாகப் பாடுகிறது.) வழக்கம் மாறாது என்பவர்களுக்கு ஒரு தகவல்: அதே நவராத்திரி மண்டபத்தில் பெண்கள் பாடக்கூடாது என்றிருந்த தடை 2006இல் பாறசாலை பொன்னம்மாள் பாடியபோது விலகியது.

பிள்ளைக்கு என்ன புரியும் என்கிறார்கள். அவர்களுக்கு ஒரு கணக்கு: பத்மநாபபுரத்தில் வாழ்ந்த பாடலாசிரியர் நீலகண்ட சிவன் 1900இல் மறைந்தார். திருவனந்தபுரத்தில் அவருடைய பஜனைகளைக் கேட்டு மனதில் ஏற்றிக்கொண்ட சிறுவன் 1890இல் பிறந்தவன். அப்போது பத்து வயதுக்கு மேல் இருக்காது. பின்னாளில் கீர்த்தனைகள் இயற்றிய பாபநாசம் சிவன் அவன்தான். ராக லட்சணம் சொல்லச் சொல்லிவிட்டா அவனை உட்காரவைத்தார்கள்? எல்லாப் பிள்ளைகளும் அப்படி ஆக வேண்டியதில்லை. பரிசுக் கோப்பைக்காகப் பிள்ளையை இழுத்து வரும் பெற்றோருக்கு இங்கே உறுப்பினர் சீட்டு தரமாட்டோம்.

கச்சேரி முழுக்க இருந்தாக வேண்டும் என்றில்லை. தொடக்கத்தில் பாடும் வர்ணத்தைக் கேட்டுவிட்டு எழுந்து போகலாம். மிருதங்கம் தனியே வாசிக்கும் தனி ஆவர்த்தனத்துக்கு மட்டும் வரலாம். வருமுன் ஆதி தாளத்தை வீட்டிலேயே தொடையில் போட்டுக் காட்டுங்கள்: ஒரு தட்டு, மூன்று விரல், பிறகு தட்டி வீச்சு, தட்டி வீச்சு. எட்டு. மிருதங்கக்காரர் கை தெரிகிற பக்கமாக உட்காருங்கள். ஆலாபனையில் நெளிந்த பிள்ளை தனியில் வாய் பிளந்து பார்க்கும். பெரியவர்கள் காப்பி குடிக்க எழுவதும் அந்த நேரத்தில்தான் என்பதையும் இங்கே பதிவு செய்கிறோம். அழுதால் பாட்டு முடியட்டும் என்று காத்திராமல் வெளியே தூக்கிப் போங்கள்; பாடுகிறவரும் மனுஷர்தான். அழுகை நின்றதும் திரும்பி வாருங்கள். யாரிடமும் மன்னிப்புக் கேட்க வேண்டாம்.

முதல் வேலையாக, வரும் நவராத்திரிக்குள் இந்த வட்டாரத்தில் கச்சேரி வைக்கும் ஒவ்வொருவரையும் நேரில் பார்ப்போம். முன்வரிசையில் பிரமுகர்களுக்கென்று போட்டுக் காலியாகக் கிடக்கும் நாற்காலிகளை எடுத்துவிட்டுப் பாய் விரிக்கச் சொல்வோம். பாய் இல்லையென்றால் நாங்களே கொண்டுவருகிறோம்.