விதைக்கு உயிர் தருகிறவன்



ஓசூர்ப் பக்கம், பட்டுப்புழு முட்டைகளை, அதாவது விதையை, உருவாக்கித் தரும் ஒரு வித்தகத்துக்குப் போயிருந்தேன். விடிகாலையில் வெளிவந்த வெள்ளைப் பூச்சிகள் தட்டு நிறைய இருந்தன. பறக்கத் தெரியாத ஆண் பூச்சிகள் சிறகைப் படபடவென அடித்தபடி பெண்ணைத் தேடிச் சுற்றின. இணைசேர்ந்து சில மணி நேரம் ஆனதும், அங்கே வேலை செய்யும் அக்கா ஒருவர் அவற்றைப் பக்குவமாகப் பிரித்து, ஆண்களை மட்டும் குளிர்பெட்டியில் வைத்தார். "நாளைக்கும் இதுங்கதான் சார் வேணும்" என்றார்.

அந்தப் பேச்சு மனதில் தங்கிவிட்டது. பட்டு என்றால் கூட்டையும் நூலையும்தான் பேசுகிறோம். ஒருவேளைகூட உண்ணாமல் சில நாளே வாழும் அந்த ஆணின் வயிற்றுக்குள் என்ன நடக்கிறது என்று தேடிப் படித்தேன்.

பல அந்துப்பூச்சிகளில் இரண்டு விந்தகங்களும் ஒட்டி ஒரே உருண்டையாகிவிடும். பட்டுப்பூச்சிக்கு அவை தனித்தனி, அவரை விதை போன்ற வடிவம். ஒவ்வொன்றிலும் நான்கு அறைகள். அவற்றின் கீழே விந்துக்குழாயும் விந்துப்பையும் நீண்ட துணைச் சுரப்பிகளும் நூல்கண்டாகச் சுருண்டு கிடக்கின்றன. இவை சுரக்கும் நீர்தான் பெண்ணின் உடலுக்குள் விந்தைப் பொதிந்து வைக்கும் உறையாகிறது.

என்னை அசரவைத்தது விந்தணுதான். அதில் இரண்டு வகை. உட்கரு உள்ளவை 256 அணுக்கள் சேர்ந்த கட்டாகவே விந்தகத்தை விட்டுக் கிளம்புகின்றன. மற்றவற்றில் உட்கருவே கிடையாது. அவற்றால் முட்டையைக் கருவுறச் செய்ய முடியாது. பிறகு எதற்கு அவை? 2019-ல் ஜப்பானிய ஆய்வாளர்கள் ஒரு மரபணுவை முடக்கி, உட்கருவற்ற அணுக்கள் உருவாகாமல் செய்து பார்த்தார்கள். உட்கரு உள்ளவை பெண்ணின் விந்துச் சேமிப்புப் பைக்குப் போய்ச் சேரவே இல்லை. ஆண் மலடாகிவிட்டது. தனக்கென்று ஒரு வாரிசும் இல்லாத அணு, அடுத்ததைக் கரைசேர்க்கிறது!

விந்து வெளியேறும் குழாயின் கடைசியில் இன்னொரு சிறு சுரப்பி உண்டு. அதன் நொதி கலந்தால்தான் அந்தக் கட்டு அவிழும். அணுக்கள் அசையத் தொடங்கும்.

இவ்வளவும் வெயிலுக்குத் தாங்காது. கூடு கட்டும் நாட்களிலும் கூட்டுப்புழுப் பருவத்தின் தொடக்கத்திலும் சூடு மிஞ்சினால் ஆண் பூச்சி மலடாகும். பெண் முட்டையிட்டாலும் பொரிக்காது. விதைக்கூடு வளர்க்கும் வாசகர்களே, சித்திரை வெயிலில் உங்கள் வளர்ப்பு மனையை எப்படிக் குளிர்ச்சியாக வைக்கிறீர்கள்? விவரமாக எழுதுங்கள், அடுத்த இதழில் வெளியிடுகிறோம்.

அன்புடன்,
ஆசிரியர்