அகழாய்வுக் குழியில் ஒரு தறிக்குழி

சோழர் காலக் கல்வெட்டுகளில் தறியிறை திரும்பத் திரும்ப வருகிறது. நெசவாளரான கைக்கோளர் கோயிலைச் சூழ்ந்த திருமடைவிளாகத்தில் குடியிருந்த செய்தியும் வருகிறது. இடைக்கால மண்ணடுக்குகளைப் பற்றிய நம் அகழாய்வு அறிக்கைகளிலோ தறிக்கு உரிய இடம் இல்லை. மரமும் கயிறும் மட்கிவிடும் என்பது பாதிக் காரணம்தான். எதைத் தேடுவது என்று நாம் முடிவுசெய்துகொள்ளாதது மீதிக் காரணம்.

இங்கிலாந்தின் யார்க் நகரிலுள்ள காப்பர்கேட்டில் 1976 முதல் 1981 வரை நடந்த அகழாய்வு இதற்கு நல்ல பாடம். வட ஐரோப்பாவில் பாவு நூல்களின் நுனியில் களிமண் குண்டுகளைக் கட்டித் தொங்கவிட்டு நெய்யும் நிமிர்தறி வெகுகாலம் வழங்கியது. ஏறக்குறைய 10ஆம் நூற்றாண்டிலிருந்து ஆங்கில நகரங்களில் அந்தக் குண்டுகள் அருகி மறைகின்றன. நெசவு நின்றுவிடவில்லை. குண்டே தேவைப்படாத இரு உருளைத் தறியும், பிறகு மிதிதறியும் வந்துவிட்டன. காப்பர்கேட்டின் நெசவுப் பொருள்களை ஆராய்ந்த பெனலோப்பி வால்டன் ராஜர்ஸ் இந்த மாற்றத்தைச் சிறிய எலும்புக் கூர்கோல்களைக் கொண்டு விளக்கினார். இருமுனையும் கூரானவை குண்டுத்தறியைச் சேர்ந்தவை; ஒருமுனை மட்டும் கூரானவை இரு உருளைத் தறியைச் சேர்ந்தவை.

இங்கும் இதே எச்சரிக்கை வேண்டும். இராட்டையைக் குறிக்கும் இந்தியச் சான்றுகளில் பழையது 1350இல் இசாமி எழுதிய பாரசீக நூலில் இருப்பதாக வரலாற்றாய்வாளர் இர்பான் ஹபீப் காட்டியிருக்கிறார். ஆகவே ஓர் ஊரின் பிற்கால அடுக்குகளில் தக்களி வில்லைகள் குறைந்தால், நூற்பு நலிந்தது என்று உடனே எழுதிவிடக் கூடாது; தக்களியின் இடத்தை இராட்டை பிடித்திருக்கலாம்.

குழித்தறி எடைக்குண்டை விட்டுச்செல்லாது, குழியை விட்டுச்செல்லும். நெசவாளர் காலைத் தொங்கவிட்டு மிதிபலகையை இயக்கும் செவ்வகக் குழி, அமர்ந்து அமர்ந்து இறுகிய விளிம்பு, படமரம் தாங்கிய இரு குறுங்கால்களின் துளைகள், பாவைக் கயிற்றால் இழுத்துக் கட்டிய தொலைத்தூணின் துளை. இவை நான்கும் ஒரே நேர்கோட்டு அமைப்பில் வந்தால் அதைக் குப்பைக்குழி என்று பதியலாகாது. குழித்தறி தமிழகத்தில் எப்போது பரவியது என்ற கேள்விக்கே இந்தக் குழிகள்தான் விடை தரவேண்டும். சங்க கால அடுக்கை எட்டும் அவசரத்தில் மேலடுக்குகளை விரைந்து வெட்டி அகற்றினால், முதலில் போவது இவைதான். இது எங்களை உண்மையிலேயே வருத்துகிறது.

பானையோட்டு வட்டச்சில்லுகளையும் மீண்டும் பார்க்கவேண்டும். நடுவில் துளையுள்ளவை தக்களி வில்லைகளாக இருக்கலாம்; அவற்றை விளையாட்டுப் பொருள் என்ற தலைப்பில் ஒதுக்காமல் எடை, விட்டம், துளையின் அகலம் மூன்றையும் குறியுங்கள். எடை குறைந்த வில்லை மெல்லிய நூலுக்கு ஏற்றது என்பதைக் கோபன்ஹேகன் பல்கலைக்கழகத்தின் துணி ஆய்வு மையம் நூற்றுப் பார்த்தே காட்டியிருக்கிறது. துளையின் நடுப்பிசகு கூட முக்கியம். பிசகிய வில்லை தள்ளாடிச் சுழலும், நூற்பதற்கு ஆகாது.

அடுத்த இதழிலிருந்து இத்தகைய அளவுப் பட்டியல்களைப் படங்களோடு வெளியிடுவோம். கிடங்குப் பெட்டிகளில் கிடக்கும் பழைய அகழாய்வுச் சில்லுகளிலிருந்தே தொடங்கலாம்.