பந்தயம் அன்று, பயிற்சிதான்!



மகனை அமெரிக்க நாட்டிற்குப் பணிக்கு அனுப்பியுள்ள தாய் ஒருவர் நமக்கு மடல் வரைந்துள்ளார். மகன் நல்லவன், ஞாயிறு திருப்பலி தவறாதவன். ஆனால் சில மாதங்களுக்கு ஒருமுறை தன் சொந்தக் காரைப் பந்தயத் திடலுக்குக் கொண்டு சென்று, கட்டணம் செலுத்தி, வேண்டிய மட்டும் விரைந்து ஓட்டி மகிழ்கிறானாம். ‘டிராக் டே’ என்று அதற்குப் பெயர். தலையையும் கழுத்தையும் காக்கும் கருவி ஒன்றை அணியுமாறு நண்பர்கள் வற்புறுத்தியும் அவன் மறுப்பதாக மருமகள் வழியே அத்தாய் அறிந்திருக்கிறார். “இது பந்தயம் அன்று அம்மா, வெறும் பயிற்சிதான்” என்பது அவன் மறுமொழி. “இது பாவமா, சுவாமி? அவனைத் தடுப்பதா, விட்டுவிடுவதா?” எனக் கேட்கிறார் அந்த அம்மையார்.

முதற்கண் அக்கருவி யாதென அறிவோம். விரைந்து செல்லும் கார் சுவரில் மோதும்போது, ஓட்டுநரின் உடலை இருக்கைப் பட்டை பிடித்து நிறுத்திவிடுகிறது. தலையைப் பிடிப்பார் இல்லை. தலைக்கவசத்தின் எடையும் சேர, தலை முன்னோக்கிப் பாய்கிறது. அந்த இழுப்பு முழுவதையும் கழுத்து ஒன்றே தாங்க வேண்டும். தாங்க இயலாதபோது மண்டையோட்டின் அடித்தளம் பிளந்து, உயிர் நொடியில் பிரிகிறது. மேனியில் வேறு காயமே இல்லாதிருக்கவும் கூடும்.

இதற்கு மாற்றுக் கண்டவர் மிச்சிகன் மாநிலப் பல்கலைக்கழகப் பேராசிரியர் இராபர்ட் ஹப்பர்டு. அவருடைய மைத்துனர் ஜிம் டவுனிங் ஒரு பந்தய வீரர். அவர்களுடைய நண்பர் பாட்ரிக் ஜாக்மார் 1981இல் இத்தகைய காயத்தால் மாண்டபோது, அத்துயரே ஆராய்ச்சிக்கு வித்தாயிற்று. ‘ஹான்ஸ்’ எனப்படும் அக்கருவி கார்பன் இழையாலான ஒரு காலர் போன்றது. தோள்மீது அமர்ந்து, தோள்பட்டைகளின் அடியில் இறுகி நிற்கும். அதிலிருந்து வரும் இரு வார்கள் தலைக்கவசத்தின் இருபுறமும் மாட்டப்படும். மோதும் வேளையில் தலையும் உடலோடு சேர்ந்தே நிறுத்தப்படுகிறது. கழுத்தின் சுமை குறைகிறது.

இனி, ‘வெறும் பயிற்சிதான்’ என்ற சொல்லைச் சற்று எடைபோடுவோம். மேற்கூறிய ஜாக்மார் மாண்டது பந்தயத்திலா? அன்று, மிட்-ஒஹாயோ திடலில் நடந்த சோதனை ஓட்டத்தில். 2000ஆம் ஆண்டு மே மாதம் நியூ ஹாம்ப்ஷயர் திடலில் ஆடம் பெட்டி என்னும் இளைஞர் இறந்தார். வயது 19. பாட்டனார் ரிச்சர்டு பெட்டி உலகறிந்த வீரர்; நான்கு தலைமுறையாகப் பந்தயமே தொழிலாகக் கொண்ட குடும்பம். அவர் மாண்டதும் பயிற்சி ஓட்டத்திலேயே. அதே திடலில், இரண்டு மாதங்களுக்குள், மற்றொரு பயிற்சி ஓட்டத்தில் கென்னி இர்வின் உயிர் நீத்தார். திடலின் சுவர், ‘இன்று பந்தயமா, பயிற்சியா?’ என்று கேட்டு மோதுவதில்லை.

‘வசதிக் குறைவு’ என்பது அடுத்த சாக்கு. இதுபற்றி டேல் எர்ன்ஹார்ட்டின் முடிவு பேசட்டும். ஏழுமுறை வாகை சூடிய அப்பெருவீரர் இக்கருவியை விரும்பாதவர்களுள் ஒருவர். 2001 பிப்ரவரி 18 அன்று டேடோனா திடலில், இறுதிச் சுற்றில், அவர் கார் சுவரில் மோதியது. பார்த்தவர்களுக்கு அது பெரிய விபத்தாகவே தோன்றவில்லை. கார் மணிக்கு 250 கிலோமீட்டருக்கு மேல் ஓடிக்கொண்டிருந்தாலும், மோதலில் ஒரு கணத்தில் இழந்த வேகம் ஏறத்தாழ 70 கிலோமீட்டரே எனப் பின்னர் ஆய்வாளர் கணித்தனர். அதுவே 49 வயது வீரரின் உயிரைக் குடிக்கப் போதுமானதாயிற்று. அந்த ஆண்டு அக்டோபரில் அவ்வமைப்பின் முதன்மைப் பந்தயத் தொடர்களில் கழுத்துக் காப்பு கட்டாயமாக்கப்பட்டது. 2003இல் ஃபார்முலா ஒன்று பந்தயங்களிலும் அவ்வாறே ஆயிற்று.

நம் உள்ளத்தைத் தொட்ட செய்தி மற்றொன்று. நண்பரின் துணைவியார் ஒருவர் பந்தயத்திற்கு முன் எர்ன்ஹார்ட்டுக்கு விவிலிய வசனம் ஒன்றை எழுதித் தருவது வழக்கம்; அதை அவர் காரினுள் ஒட்டிக்கொள்வார். அன்றைய வசனம் நீதிமொழிகள் நூலின் 18ஆம் அதிகாரத்தது. ஆண்டவருடைய பெயரை அரணாகக் கூறுவது. அவர் நம்பிக்கையைக் குறைகூற நாம் யார்? இறைவனின் அரணுக்குள்ளேயே அவர் சென்றடைந்தார் என நம்புகிறோம். எனினும் ஒன்று தெளிவு: வசனம் கருவியின் வேலையைச் செய்யுமென்று இறைவன் வாக்களிக்கவில்லை. ஆலயத்தின் உச்சியில் நின்று, ‘குதியும், தூதர்கள் தாங்குவர்’ என்று இயேசுவைத் தூண்டியவன் யார்? அவனும் மறைநூல் வசனத்தையே காட்டினான் அல்லவா? ஆண்டவரோ தந்தையைச் சோதிக்க மறுத்தார். செபமாலையைக் கண்ணாடியில் தொங்கவிட்டுக் காவலைக் கைவிடுவது பக்தி அன்று.

ஆயின் அது பாவமா? மூடிய திடலில், ஒழுங்குக்கு உட்பட்டு விரைவது தன்னளவில் பாவம் என்று நாம் சொல்லமாட்டோம். ஆனால் 1992இல் வெளிவந்த திருச்சபையின் மறைக்கல்வி நூல், ஐந்தாம் கட்டளையை விளக்குமிடத்து (எண் 2290), குடிவெறியாலோ வேகமோகத்தாலோ தம்முயிரையும் பிறருயிரையும் ஆபத்துக்கு உள்ளாக்குவோரின் குற்றம் கனமானது என்கிறது. உயிர் நமக்குச் சொந்தமன்று, நம்மிடம் ஒப்படைக்கப்பட்டது. கைக்கெட்டும் காவலைச் சோம்பலாலோ வீம்பாலோ தள்ளுவது அவ்வொப்படைப்பிற்குச் செய்யும் துரோகம்.

எனவே அந்தத் தம்பிக்கு நாம் கூறுவது: கருவியை மட்டும் வாங்கி மாட்டிக்கொண்டால் போதாது. ஹான்ஸ், தோள்கள் இரண்டையும் பிணிக்கும் பந்தயப் பட்டையோடு பொருந்துவது. வீட்டுக் காரின் மூன்று முனைப் பட்டைக்கு அது ஏற்றதன்று. அதற்கென வேறு வகைகள் உண்டு. மாறாக, பந்தயப் பட்டையை மட்டும் பொருத்திக் கழுத்தை வெறுமனே விடுவது மிகக் கேடானது. உடல் அசையாது நிற்க, தலை மட்டும் பாயும். எஸ்.எஃப்.ஐ. 38.1 அல்லது எஃப்.ஐ.ஏ. 8858 என்னும் தரக்குறி உள்ளதா எனப் பார்த்து வாங்கு. தீப்பற்றினால் வெளியேற இயலாதோ என அஞ்சாதே. பட்டையை அவிழ்த்தால் கருவி உன்னோடு சேர்ந்தே வெளிவரும். சில நூறு டாலர் பெரிதெனில், அத்தொகை சேரும்வரை திடலுக்குப் போகாதே. உன் கழுத்தின்மேல் உன் மனைவிக்கும் பங்குண்டு, பெற்றவளுக்கும் பங்குண்டு.

அம்மையாருக்கு: வளர்ந்த மகனைத் தடுத்து ஆணையிடாதீர்கள், மறைத்துச் செல்வான். “அணிந்துகொண்டு போ, திரும்பியதும் என்னுடன் பேசு” என்று கேளுங்கள். தாயின் வேண்டுகோளைத் தள்ளுவது ஆணையைத் தள்ளுவதினும் கடினம்.

இதைப் படிக்கும் ஏனைய குடும்பங்களே, ‘நமக்கும் பந்தயத் திடலுக்கும் என்ன?’ என்று பக்கத்தைத் திருப்பிவிடாதீர்கள். ‘முக்குக் கடைக்குத்தானே’, ‘கோவிலுக்குத்தானே’ என்று கூறித் தலைக்கவசத்தை வண்டியின் கைப்பிடியில் தொங்கவிட்டுச் செல்வோர் நம் ஒவ்வொரு பங்கிலும் உள்ளனர். அந்தத் ‘தானே’யும், கடல் கடந்த தம்பியின் ‘பயிற்சிதான்’ என்பதும் ஒரே சொல்தான். இந்த மாதம் வீட்டைவிட்டுப் புறப்படுமுன் சிலுவை அடையாளம் வரையும் கை, கவசத்தின் வாரையும் இறுக்கட்டும். இரண்டையும் ஒருசேரச் செய்பவனே உயிர் தந்த இறைவனுக்கு உண்மையாக நன்றி கூறுகிறான்.