ஆகாய இரைச்சலும் சர்க்கார் கணக்கும்

திருத்தணிக்குத் தெற்கே எட்டு ஒன்பது மைல் தூரத்தில் அரக்கோணம் கடற்படை விமான தளம் இருக்கிறது. இரண்டாவது உலக யுத்த காலத்து விமானத் திடலே 1992 மார்ச்சில் ‘ராஜாளி’ என்ற பெயருடன் கடற்படைத் தளமாயிற்று. அதன் ஓடுபாதை 4 கிலோமீட்டருக்கு மேல் நீளமுள்ளது. ருஷ்ய நாட்டு டூ-142 விமானங்கள் 2017 வரை இங்கிருந்தே சமுத்திரத்தைக் காவல் புரிந்தன. 2013 முதல் அமெரிக்கத் தயாரிப்பான பி-8ஐ ஜெட் விமானங்கள் அவ்வேலையைச் செய்து வருகின்றன. தேச ரக்ஷணைக்கு இத்தளம் அவசியம் என்பதில் நமக்கு லவலேசமும் சந்தேகமில்லை. நாம் கேட்பது வேறு. இவ்விமானங்களின் இரைச்சல் எவ்வளவு என்பதைச் சுற்றுப்புற ஜனங்களுக்குச் சொல்லக் கடமைப்பட்டவர் யார்?

கிருத்திகை நாளில் ஓர் ஒலிபெருக்கி கட்டுவதற்குக்கூட அனுமதி வேண்டும். பொதுவாக இரவு 10 மணிக்கு மேல் அது வாய் திறக்கலாகாது. 2000-ஆம் வருஷத்து ஒலி விதிகளின்படி, குடியிருப்புப் பகுதியில் பகலில் 55 டெசிபெலும் இரவில் 45 டெசிபெலுமே வரம்பு. விமான நிலையத்தை அடுத்த பிரதேசத்துக்கோ 2018 ஜூனில் சர்க்கார் தனி அளவு வகுத்தார்கள். வருஷத்தில் 50,000 தடவைக்கு மேல் விமானங்கள் ஏறி இறங்கும் நிலையமானால் பகலில் 70, இரவில் 65. மற்றவற்றுக்கு 65, 60. டெசிபெல் என்பது படியரிசியைப் போல் கூட்டிக் கழிக்கும் அளவன்று. 10 ஏறினால் ஒலியின் சக்தி பத்து மடங்காகும். காதுக்கு ஏறக்குறைய இரட்டிப்பாகத் தோன்றும். ஆகவே விமானத்தின் கீழ் வசிப்பவனுக்கு 10 முதல் 20 டெசிபெல் வரை அதிகமாக அனுமதித்திருப்பது அற்ப சலுகையல்ல. 2018-இல் உலக சுகாதார ஸ்தாபனத்தின் ஐரோப்பியக் கிளை, இரவில் விமான ஒலி 40-க்குள் இருக்கவேண்டுமென்று சிபாரிசு செய்தது என்பதையும் நினைவில் கொள்ளவேண்டும்.

இதைவிடப் பெரிய விஷயம் ஒன்று உண்டு. மேற்சொன்ன எண்களெல்லாம் சராசரி. காலை 6 மணி முதல் இரவு 10 மணி வரை பகல். எஞ்சிய 8 மணி நேரம் இரவு. அத்தனை நேரத்து ஒலியையும் ஒன்றாகக் கலந்து பரப்பி ஓர் எண்ணைக் கூறுகிறார்கள். நாமே ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தோம். ஓர் அமைதியான கிராமத்தின் மேல் நள்ளிரவில் ஒரு விமானம் 85 டெசிபெல் ஓசையுடன் அரை நிமிஷம் பறந்து செல்கிறது என்று வைத்துக்கொள்வோம். இவ்வாறு மூன்று தடவை பறந்தாலும் அவ்விரவின் சராசரி 60-ஐத் தாண்டாது! குழந்தை மூன்று முறை வீறிட்டு எழும். நோயாளி மூன்று முறை விழிப்பான். சட்டமோ ஒன்றும் நடக்கவில்லை என்று கூறும். சராசரி வேண்டாமென்று நாம் சொல்லவில்லை. ஒவ்வொரு விமானத்தின் உச்ச ஒலி எவ்வளவு, இரவில் எத்தனை தடவை என்ற இரண்டையும் சேர்த்துச் சொன்னாலொழிய அது நேர்மையான கணக்காகாது.

இக்குறையுள்ள விதியின் நிழல்கூட ராணுவ விமானத்தின்மேல் சரியாக விழுவதில்லை. சர்வதேச விமானப் போக்குவரத்துக்கு மூலமான 1944-ஆம் வருஷத்துச் சிகாகோ உடன்படிக்கை, தன் மூன்றாவது ஷரத்திலேயே ராணுவ விமானங்களை விலக்கிவிட்டது. அதன் கீழ் 1971-இல் பிறந்த ஒலிக்கட்டுப்பாட்டு அனுபந்தமும் சிவில் விமானங்களைப் பற்றியதே. டில்லியிலுள்ள சிவில் விமானத் துறையின் அதிகாரமும் அவ்வளவே.

ரகசியம் என்பார்கள். விமானம் எங்கே போகிறது, எதற்குப் போகிறது என்பவை ரகசியமாகவே இருக்கட்டும், நாம் கேட்கவில்லை. நாலு ஊர் ஜனங்களின் காதில் விழும் ஓசை எப்படி ரகசியமாகும்? அமெரிக்க ராணுவ இலாகா 1973 முதலே தன் விமான தளங்களைச் சுற்றி ஒலி எல்லைகளை வரைந்து, எந்த எல்லைக்குள் வீடு கட்டலாகாது என்று ஊராருக்கு அறிவிக்கும் ஏற்பாட்டை வைத்திருக்கிறது. ஜெர்மனியில் 1971-இல் இயற்றிய விமான இரைச்சல் சட்டம் ராணுவத் தளங்களையும் கட்டுப்படுத்துகிறது. இதனால் அந்நாடுகளின் பாதுகாப்பு பாழாகிவிடவில்லை. மேலும், 2015 டிசம்பர் வெள்ளத்தில் மீனம்பாக்கம் மூழ்கியபோது பிரயாணிகள் விமானங்கள் அரக்கோணத்தில்தானே வந்திறங்கின?

இனி பரந்தூர். 2022-இல் அறிவிக்கப்பட்ட அப்புதிய விமான நிலையத்துக்கு எதிராக ஏகனாபுரத்து விவசாயிகள் நடத்திவரும் கிளர்ச்சியை நம் வாசகர்கள் அறிவார்கள். நிலத்தைப் பற்றிய அவ்வழக்கு பெரியது; அதைத் தனியே ஆராயவேண்டும். நிலம் போகாத பக்கத்துக் கிராமங்களின் கதி என்ன என்பதை மட்டும் இங்கே கேட்கிறோம். 2018 அட்டவணையில் ‘மற்ற நிலையங்கள்’ என்ற வரிசையிலிருந்து, இனி வரப்போகும் நிலையங்களை விலக்கியிருக்கிறார்கள். கட்டுவதற்கு முன்பே வரம்பு கட்ட வசதியுள்ள இடத்துக்கு எண்ணே இல்லை என்பது விந்தையிலும் விந்தை!

திருத்தணி தாலூகா தமிழகத்துடன் சேரவேண்டுமென்று ம. பொ. சி. முதலியோர் சிறை சென்று போராடி, 1960 ஏப்ரலில் அது கைகூடிற்று. பூமியின் எல்லைக்காக அவ்வளவு பாடுபட்ட ஊர் இது. இன்று தளம் ராணிப்பேட்டை ஜில்லாவில், திருத்தணி திருவள்ளூர் ஜில்லாவில் என்று கோப்பை அங்குமிங்கும் தள்ளிவிடக் கூடாது. இரண்டு கலெக்டர்களும் கடற்படை அதிகாரிகளுடன் கலந்து, அரக்கோணம் முதல் திருத்தணி வரை பள்ளிக்கூடங்களிலும் ஆஸ்பத்திரிகளிலும் ஒலிமானிகளை வைக்க வேண்டும். ஒரு வருஷத்துக் கணக்கைத் தமிழில் அச்சிட்டு ஒவ்வொரு பஞ்சாயத்து ஆபீஸிலும் ஒட்ட வேண்டும். அதுவரையில், ஓடுபாதையின் இரு முனைகளுக்கு நேரே புதிய மனைப் பிரிவுகளுக்கு அனுமதி தருவதை நிறுத்தி வைக்க வேண்டும். இப்பகுதியின் சட்டசபை அங்கத்தினர்கள் அடுத்த கூட்டத்திலேயே இதைக் கேள்வியாக எழுப்புவார்களென்று எதிர்பார்க்கிறோம்.