"ஏனூ ஆகல்லா சார்" - கருகுற பிளக்கும் ஒரு ஹவுஸ் ஓனரும்

பெங்களூர் வந்து பதினோரு வருஷம் ஆச்சு. கன்னடத்துல நான் முதல்ல மனப்பாடம் பண்ணின வாக்கியம் "ஸ்வல்ப அட்ஜஸ்ட் மாடி". ரெண்டாவது, போன மழைக்காலத்துல எங்க ஹவுஸ் ஓனர் சொன்ன "ஏனூ ஆகல்லா சார்". ஒண்ணும் ஆகாதாம்! அதுக்குத்தான் இந்தப் பதிவு.

இங்க ஜூலை, ஆகஸ்ட்ல துணி காயாதுங்கறது நம்ம மக்களுக்குத் தெரியும். நாங்களும் ஒரு எலக்ட்ரிக் ட்ரையர் வாங்கி, வாஷிங் மெஷினுக்கு இருந்த பழைய 16 ஆம்பியர் சாக்கெட்ல மாட்டினோம். மூணாவது வாரம், ஊர்லேர்ந்து வந்திருந்த அம்மா, "ஏதோ கருகுற வாடை வருதேப்பா"ன்னாங்க. பிளக் கொதிச்சுது. சாக்கெட்ல ஒரு ஓட்டையைச் சுத்திப் பழுப்பு.

ஓனர் வந்து பார்த்தார். "மெஷின் ஓடுது, எம்சிபி ட்ரிப் ஆகல, இத்தனை வருஷம் வாஷிங் மெஷின் ஓடலையா?" அவர் கூட்டிட்டு வந்த எலக்ட்ரீஷியன் பின்னை உப்புத்தாளால தேய்ச்சுட்டுப் போனார்.

நான் பி.காம்.தான். ஆனா கணக்கு என் பிழைப்பு. பாருங்க:

2300 வாட் ட்ரையர், 230 வோல்ட்டுல 10 ஆம்பியர் இழுக்கும். சாக்கெட்டோட பிடி தளர்ந்து அந்த இடத்துல கால் ஓம் தடை வந்தா, போற வோல்டேஜ் வெறும் 2.5. மெஷினுக்கு அது தெரியவே தெரியாது. ஆனா அந்தப் பொட்டு இடத்துல 25 வாட் சூடு. ரேடியோ ரிப்பேர் பண்றவர் ஈயம் உருக்கற சால்டரிங் அயர்னும் 25 வாட்தான்!

எம்சிபி பார்க்கறது ஆம்பியரை. 10 எப்பவும் 10தான், அது ஏன் விழணும்? ஆர்சிசிபி பார்க்கறது கசிவை. ஆக ரெண்டுமே இதைக் காட்டிக் கொடுக்காது. வாஷிங் மெஷின் மோட்டார் சில நூறு வாட்ல ஓடும். ட்ரையர் காயில் ஒரு மணி, ரெண்டு மணி நேரம் முழு லோடு இழுக்கும். சூட்டுல சாக்கெட் பிடி இன்னும் தளரும், தடை கூடும், சூடு கூடும். வட்டிக்கு வட்டி!

ஓனரை மட்டும் திட்டி என்ன பிரயோஜனம்? "வாடகை வீடுதானே, நாம ஏன் செலவு பண்ணணும்"னு இன்சுலேஷன் டேப் சுத்தறதும், பெரிய பின்னை கன்வர்ஷன் பிளக்ல சொருகி 6 ஆம்பியர் சாக்கெட்ல மாட்டறதும் நாமதானே? சாக்கெட் அவரோடது. உள்ள தூங்கறது நம்ம குழந்தைங்க.

செய்ய வேண்டியது இதுதான். கொதிக்கற பிளக்கைப் பிடுங்காதீங்க. முதல்ல எம்சிபியை இறக்குங்க. லைசென்ஸ் உள்ள எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு, ஐஎஸ்ஐ முத்திரை உள்ள புது சாக்கெட் போடச் சொல்லுங்க. கருகின வயரை, பளபளன்னு செம்பு தெரியற வரைக்கும் வெட்டணும். பிளக்கையும் மாத்தணும், கருகின பழசு புது சாக்கெட்டையும் கெடுக்கும். வார்ப்பு பிளக்னா, அந்தக் கம்பெனி கார்டே முழுசா மாத்துங்க, நடுவுல ஒட்டுப் போடாதீங்க. வயர் 2.5 சதுர மில்லிமீட்டருக்குக் குறையாத செம்பா, ட்ரையருக்குத் தனி லைனா இருக்கட்டும். "32 எம்சிபி போட்டுடலாம் சார்"னு யாராவது சொன்னா வாசலைக் காட்டுங்க.

பணம் யார் தர்றது? 1882 சொத்து மாற்றுச் சட்டம், பிரிவு 108(f): ஓனர் செய்யக் கடமைப்பட்ட ரிப்பேரை, நோட்டீஸ் கொடுத்தும் நியாயமான காலத்துல செய்யலேன்னா, குடியிருக்கறவர் தானே செஞ்சு வாடகையில கழிச்சுக்கலாம். அக்ரிமென்ட்ல வேற மாதிரி எழுதியிருக்கான்னு மட்டும் படிச்சுக்குங்க. நான் போட்டோவோட எழுத்துல அனுப்பினேன், பத்து நாள் காத்திருந்தேன், மாத்தினேன், பில்லை வெச்சுக் கழிச்சேன். முணுமுணுத்தார். அவ்வளவுதான். ஏனூ ஆகல்லா :-)

பி.கு: இன்னிக்கு ட்ரையரோ கீஸரோ ஓடி முடிஞ்சதும், சுவிட்சை அணைச்சுட்டு பிளக்கோட முதுகைத் தொட்டுப் பாருங்க. கையை வெச்சிருக்க முடியலேன்னா, நாளைக்குன்னு தள்ளிப் போடாதீங்க.