மருந்து கொடுத்தும் ஆட்டுக்குப் புழு போகவில்லையா?

கேள்வி: மூன்று மாதத்துக்கு ஒருமுறை வெள்ளாடுகளுக்குக் குடற்புழு மருந்து கொடுத்து வருகிறோம். இருந்தும் மழைக்குப் பிறகு இரண்டு ஆடுகள் தாடை வீங்கி இறந்துவிட்டன. மருந்து போலியா? இதைவிட வீரியமான புது மருந்து வருமா?

பதில்: போலி என்று உடனே முடிவு கட்ட வேண்டாம். நான்காம் இரைப்பையில் தங்கி இரத்தம் குடிக்கும் ஹீமாங்கஸ் என்ற உருண்டைப்புழு மிகுந்தால் ஆடு சோகை பிடித்து, தாடைக்கடியில் நீர் கோர்க்கும். ஒரு புழு நாளொன்றுக்குச் சுமார் 0.05 மில்லி இரத்தம் குடிக்கும். ஆயிரம் புழு இருந்தால் 50 மில்லி. ஒரே மருந்தைத் திரும்பத் திரும்பக் கொடுத்தால் அதைத் தாங்கும் புழுக்களே மிஞ்சிப் பெருகும். கல்லீரல் தட்டைப்புழுவாலும் தாடை வீங்கும். அதற்கு மருந்து வேறு.

புது மருந்து சுலபத்தில் வருவதில்லை. ஐவர்மெக்டின் வந்த வழியைப் பார்த்தால் இது விளங்கும். ஜப்பானின் கிடசாட்டோ ஆய்வு நிலையத்தில் சதோஷி ஓமுரா மண்ணிலிருந்து நுண்ணுயிர்களைப் பிரித்து வளர்த்தார். அவற்றில் சுமார் ஐம்பது 1974-ல் அமெரிக்காவின் மெர்க் நிறுவனத்துக்குப் போயின. அங்கே வில்லியம் கேம்பல் குழுவினர் எலிகளுக்குக் குடற்புழுவைத் தொற்றவைத்து, நுண்ணுயிர் வளர்ந்த சாற்றைத் தீவனத்தில் கலந்து கொடுத்தார்கள். பிறகு எலியின் சாணத்தில் முட்டை உண்டா, குடலில் புழு உண்டா என்று எண்ணினார்கள். ஒரே ஒரு சாறு புழுவை ஒழித்தது.

சாற்றில் மருந்துப் பொருள் துளியளவே இருக்கும். அதையும் தவறவிடாத அளவுக்குச் சோதனை நுட்பமாக இருக்க வேண்டும். ஐவர்மெக்டின் 20 கிலோ செம்மறிக்கு 4 மில்லிகிராம் போதும். அதே ஆட்டுக்கு ஆல்பெண்டசோல் 100 மில்லிகிராம் தேவை. எலிச் சோதனையில் இன்னொரு நன்மையும் உண்டு. புழு சாகிறதா, எலி பிழைக்கிறதா என்ற இரண்டு கேள்விக்கும் ஒரே நேரத்தில் விடை கிடைக்கும். ஐவர்மெக்டின் 1981-ல் கால்நடைகளுக்கு விற்பனைக்கு வந்தது. 2015-ல் ஓமுராவும் கேம்பலும் நோபல் பரிசு பெற்றார்கள்.

இன்று 96 சிறு குழிகள் கொண்ட தட்டில் புழுக்குஞ்சுகளை விட்டு, குழிக்கு ஒரு பொருளைச் சேர்த்து, அவை நெளிவது நிற்கிறதா என்று கருவி மூலம் பார்க்கிறார்கள். வேலை வேகமாக நடக்கும். ஆனால் தட்டில் செத்த புழு ஆட்டு வயிற்றிலும் சாகும் என்று சொல்ல முடியாது. அதனால் தேறி வருபவை மிகச் சில. அப்படித் தேறிய மோனெபான்டெல் 2009-ல் நியூசிலாந்தில் விற்பனைக்கு வந்தது. அதையும் தாங்கும் புழுக்கள் அங்கேயே 2013-க்குள் கண்டறியப்பட்டன. ஆகவே கையில் இருக்கும் மருந்தைக் காப்பாற்றுவதே முதல் வேலை.

உங்கள் பட்டியில் செய்ய வேண்டியவை:

1. பத்து ஆடுகளுக்கு அடையாளமிட்டு, ஒவ்வொன்றின் ஆசனவாயிலிருந்தும் புதுப் புழுக்கையைத் தனித்தனிப் பையில் எடுங்கள். வெயில் படாமல் அன்றே கால்நடை மருந்தகத்தில் கொடுத்து, முட்டை எண்ணிக்கை கேளுங்கள். தட்டைப்புழு முட்டை உண்டா என்றும் பார்க்கச் சொல்லுங்கள்.

2. அன்றே ஆட்டை எடைபோட்டு, மருத்துவர் சொல்லும் அளவில் மருந்து கொடுங்கள். கண்ணளவில் குறைத்துக் கொடுப்பதுதான் புழுவைப் பழக்கிவிடுகிறது.

3. பதினான்காம் நாள் அதே ஆடுகளின் புழுக்கையை மறுபடி கொடுங்கள். கிராமுக்கு 1,000 முட்டை இருந்தது 50-க்குள் இறங்கினால் மருந்து வேலை செய்கிறது. 95 சதவீதத்துக்குக் குறைவாகவே இறங்கினால் வேறு வகை மருந்து கேளுங்கள். வணிகப் பெயர் மாறினால் போதாது, உள்ளே இருக்கும் மருந்துப் பொருள் மாற வேண்டும். முதல் எண்ணிக்கையே 150-க்குக் கீழே இருந்தால் இந்தக் கணக்கு சரிவராது.

4. கீழ்க்கண் இமையை விலக்கிப் பாருங்கள். சிவப்பாக இருந்தால் நல்லது. வெளுத்திருந்தால் அன்றே மருத்துவரிடம் காட்டுங்கள். எல்லா ஆட்டுக்கும் ஒரே நாளில் மருந்து ஊற்றும் பழக்கத்தை மருத்துவரைக் கலந்து மாற்றிக்கொள்ளுங்கள்.

இனி ஓர் ஆடு இறந்தால் புதைக்கும் முன் பிரேதப் பரிசோதனைக்குச் சொல்லுங்கள். எந்தப் புழு என்று தெரிந்தால் மீதி ஆடுகளைக் காப்பாற்றலாம்.