பாவித்த பிளேயர் வாங்கப் போன கதை

சென்ற முறை வீட்டு வெப்பக் கட்டணம் பற்றி எழுதியிருந்தோம். இம்முறை வீட்டில் படம் பார்க்கும் பெட்டி பற்றி. எல்லாப் படமும் கைத்தொலைபேசியிலேயே வருகிறதே, இனி டிஸ்க் பிளேயர் எதற்கு என்று கேட்பீர்கள். நாங்களும் அப்படித்தான் நினைத்திருந்தோம்.

எங்களிடம் இரண்டு விசிடி இறுவட்டுகள் இருக்கின்றன. 2004இல், சமாதான காலத்தில், ஊரில் நடந்த வீட்டுக்காரியின் சாமத்தியவீட்டுப் படம். ஒரு விசிடியில் 74 நிமிடமளவுதான் அடங்கும் என்பதால் ஸ்ரூடியோக்காரர் இரண்டாகப் பிரித்துத் தந்தார். புறப்படும்போது உடுப்புகளுக்கு இடையில் வைத்துக் கொண்டுவந்தோம். மாமி இப்போது இல்லை. அவவின் குரல் இருப்பது அந்த இரண்டு இறுவட்டிலும் மட்டுந்தான். ஜேர்மனிக்கு வந்து இத்தனை வருடமாக அவை அலுமாரியில் கிடந்தன. பிள்ளைகளுக்குத் தமிழ்ப் படம் போட்டுக் காட்டவும் உதவும் என்று ஒரு பிளேயர் வாங்குவோமென முடிவெடுத்தோம்.

புதிது வாங்கப் போனால் தெரிவு குறைவு. ஒப்போ நிறுவனம் 2018இல் இந்த வேலையையே நிறுத்தியது. சம்சுங் 2019இல் அமெரிக்கச் சந்தைக்குப் புதிய புளூ-றே பிளேயர் இனி இல்லை என்றது. ஆகவே பாவித்துத் திருத்திய பெட்டிதான் எங்கள் சம்பளத்துக்குத் தோது. கடையில் ஒட்டியிருக்கும் சொல்லைக் கவனியுங்கள். ‘கெப்றௌஹ்ற்’ என்றால் பாவித்தது, அவ்வளவுதான். ‘கெனரால்யூபர்ஹோல்ற்’ என்றால் திருத்திச் சரிபார்த்தது. திருத்தியது என்றாலும் பெரும்பாலும் தட்டை வெளியே தள்ளும் இறப்பர் பட்டி மாற்றுவார்கள், மின்பகுதியில் கெப்பாசிற்றர் மாற்றுவார்கள், வில்லையைத் துடைப்பார்கள். லேசரை மாற்றுவது அருமை.

இந்த லேசரில்தான் நாங்கள் மாட்டுப்பட்டோம். பாவித்த சாமான் கடையொன்றில் 45 யூரோவுக்குப் பெட்டி வாங்கினோம். கடைக்காரர் ஒரு டிவிடியைப் போட்டுக் காட்டினார், படம் பளிச்சென்று வந்தது. சந்தோசமாக வீட்டுக்குக் கொண்டுவந்து மாமியின் இறுவட்டைப் போட்டால், சுற்றுகிறது, சுற்றுகிறது, பிறகு ‘டிஸ்க் இல்லை’ என்கிறது. இரண்டாவதும் அப்படியே. வீட்டுக்காரி ஒன்றும் பேசாமல் குசினிக்குள் போய்விட்டா. இத்தனை வருடத்தில் இறுவட்டு அழிந்துவிட்டது என்றே நினைத்தோம். அன்றிரவு வீட்டில் ஒருவரும் சரியாகச் சாப்பிடவில்லை.

மறுநாள் வேலைத்தலத்தில் ஓர் அண்ணையிடம் சொன்னோம். அவர் எண்பதுகளில் வந்தவர், ரெக் காலத்திலிருந்தே இந்தச் சாமான்களைக் கழற்றிப் பூட்டுபவர். “தம்பி, கடையில வாங்கின பாட்டு சீடி ஏதும் கிடந்தாப் போட்டுப் பாரும். அதுவும் பாடாட்டி குறை பெட்டியிலதான், இறுவட்டில இல்லை” என்றார். போட்டோம், அதுவும் பாடவில்லை.

அவர் விளக்கியது இதுதான். டிவிடியை வாசிப்பது 650 நனோமீற்றர் சிவப்பு லேசர். சீடியையும் விசிடியையும் வாசிப்பது 780 நனோமீற்றர் லேசர், அது கண்ணுக்குத் தெரியாது. அனேக பெட்டிகளில் இரண்டும் தனித்தனி. ஒன்று செத்தாலும் மற்றது வேலை செய்யும். அதோடு ஸ்ரூடியோக்காரர் தருவது எழுதிய சீடி, அதன் சாயம் சிவப்பு ஒளியைச் சரியாகத் திருப்பி அனுப்பாது. ஆகவே 780 இல்லாவிட்டால் அந்த இறுவட்டுக்கு வழியில்லை.

பற்றுச்சீட்டோடு கடைக்குப் போனோம். “இந்தக் காலத்தில் விசிடி யார் பார்க்கிறார்கள்?” என்று கடைக்காரர் சிரித்தார். எங்கள் டொச் அவ்வளவு திறமில்லை. பேசாமல் பெட்டியின் முன்னாலுள்ள சீடி அடையாளத்தைக் காட்டி, பாட்டு சீடியைப் போட்டுக் காட்டினோம். பிறகு அவர் சிரிக்கவில்லை.

புதிதாக வந்தவர்கள் இதை அறிந்திருக்க வேண்டும். கடையில் வாங்கும் பாவித்த பொருளுக்கும் இங்கே சட்டப்படி பொறுப்பு உண்டு. அதைக் கடைக்காரர் ஒரு வருடமாகக் குறைக்கலாம், ஒரேயடியாக இல்லையென்று சொல்ல முடியாது. 2022 முதல், வாங்கி ஒரு வருடத்துக்குள் பழுது தெரிந்தால் அது வாங்கும்போதே இருந்ததாகத்தான் பொதுவாகக் கொள்ளப்படும். இல்லையென்று காட்ட வேண்டியவர் கடைக்காரர். கடையிலிருந்து இணையத்தில் வாங்கினால் காரணம் சொல்லாமலே 14 நாளுக்குள் திருப்பலாம். நேரே கடைக்குப் போய் வாங்கிவிட்டு, மனம் மாறிவிட்டது என்று கேட்க உரிமையில்லை. தனியாள் ஒருவரிடம் வாங்கினால் அவர் பொறுப்பில்லையென்று எழுதிவிடலாம். அங்கே மலிவு என்று ஓடாதீர்கள்.

வேறு பெட்டி தந்தார். இம்முறை எங்கள் இறுவட்டுகளையே கொண்டுபோய், கடையிலேயே போட்டுப் பார்த்துத்தான் வாங்கினோம். நீங்களும் பார்க்க நினைப்பதையே கொண்டுபோங்கள். ஊர் டிவிடியில் வலய இலக்கத்தைப் பாருங்கள். இலங்கை, இந்தியா 5, இங்கே 2, தடையில்லாதது 0. புளூ-றே பிளேயர்களில் விசிடியை ஏற்காதவையும் உண்டு. பின்பக்கத்தில் எச்டிஎம்ஐ துளை இருக்கிறதா என்றும் பாருங்கள். ஸ்கார்ட் மட்டும் உள்ள பழைய பெட்டியைப் புதிய ரீவிக்குக் கொடுக்க வெறும் வயர் போதாது, மாற்றும் பெட்டி ஒன்று தனியாக வாங்க வேண்டும். றிமோட் இல்லாத பெட்டியை எங்களுக்குச் சும்மா தந்தாலும் வேண்டாம்.

சனிக்கிழமை பின்னேரம் போட்டோம். பந்தலும் வாழைமரமும் தெரிந்தன. பிறகு மாமி தட்டத்தோடு வந்தா. கமராவைக் கண்டதும் முகத்தைத் திருப்பிக்கொண்டு, “தம்பி, என்னை ஏன் எடுக்கிறீர், பிள்ளையை எடும்” என்றா. எங்கள் சின்னவள், “அம்மம்மா அம்மா மாதிரியே கதைக்கிறா” என்றாள். அந்த இடத்தையே நாலு தரம் போட்டுப் பார்த்தோம்.

அண்ணை தன் கொம்பியூட்டரில் பிரதி எடுத்துத் தந்தார். விசிடியைத் திறந்தால் ‘எம்பெக்ஏவி’ என்ற கோப்புறை இருக்கும், படம் அதற்குள்தான். முதலாவது முழுதாக வந்துவிட்டது. இரண்டாவது, ஆரத்தி எடுக்கும் இடத்தில் நின்றுவிடுகிறது. வேறொரு டிரைவில் போட்டுப் பார்க்கலாமென்று அதை அண்ணை தன்னிடமே வைத்திருக்கிறார்.